டேப்பட் இடைவெளி

மாங்கூழ் ஆலையின் பின்சுவரோரம்
ஆறு வருடம் நின்றிருந்தது.
பானெட்டைத் தூக்கினால்
கார்புரேட்டர் மேல் கோழி அடைகாத்த வைக்கோல்,
அதில் அரை முட்டையோடு.
எழுபத்தொன்பதாம் வருடத்துப் பத்மினி.
இருபத்திரண்டாயிரம் எண்ணிக் கொடுத்து
டிராக்டரில் கட்டிப் பழையபேட்டைக்கு இழுத்து வந்தபோது
வாட்ச்மேன் கேட்டார்:
'சர்வேயரம்மா, எடைக்குப் போடவா?'

கேசவமூர்த்தி எதுவும் கேட்கவில்லை.
ஓசூரில் அவருக்கு ஷிப்டுக்கு நானூறு எஞ்சின்.
வரிசையில் நகர்ந்து வரும் ஒவ்வொன்றுக்கும் நாலு போல்ட்,
அதற்குமேல் உறவில்லை.
ஷெட்டைக் கடந்து போய்
சட்டையோடே படுத்துக்கொண்டார்.

மூன்றாம் சிலிண்டரில் பிஸ்டன்
துருவோடு துருவாக ஒட்டியிருந்தது.
டீசல் ஊற்றினேன். வேப்பங்கட்டை வைத்துத் தட்டினேன்.
மறுபடி டீசல்.
பதினேழாம் நாள் 'ட்டக்' என்றது,
நகக்கண் அளவு இறங்கியிருந்தது.
அன்றைக்குத் தாலுகா ஆபீசில்
யாரிடம் சொல்வதென்று தெரியாமல்
பட்டா நகல்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

லேத்தில் பாபுஜான்
சிலிண்டருக்குள் விரலை விட்டுச் சுற்றினார்.
'வட்டம் மாதிரிதான் தெரியும் மேடம்,
வட்டமில்ல. முட்டை.'
எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.
நேர்க்கோடு மாதிரித் தெரியும் வரப்புகளின் மேல்
பத்தொன்பது வருடம் நடந்தவள் நான்.

போச்சம்பள்ளிப் பக்கம் அந்த வாரம்
அண்ணன் தம்பி வழக்கு.
சர்வே கல் சாணளவு நகர்ந்திருந்தது,
நகர்த்தியது யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும்.
தம்பி மாதையன்
விரித்த சங்கிலியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.
வெயில் ஏறியது. எழுந்திருக்கவில்லை.
நானும் பக்கத்தில் உட்கார்ந்து
டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

ராத்திரி ஷெட்டில்
டேப்பட்டுக்கும் ராக்கருக்கும் நடுவே
காகிதத் தடிமனில் ஒரு தகடு.
உரசிக்கொண்டே போய் உரசிக்கொண்டே வர வேண்டும்.
இடைவெளி கூடினால் தட்டும்,
குறைந்தால் வால்வு கருகும்.
மாதையனிடம் இதைச் சொல்லலாமா என்று தோன்றியது.
சொல்லி என்ன,
அவர்கள் வரப்பில் காய்க்கிற புளியமரம் ஒன்றும் நிற்கிறது.

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே,
மூன்று சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.
எல்லாம் பூட்டி முடித்த பிறகு
தட்டில் ஒரு வாஷர் மிச்சம்.
எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது.

எட்டாம் மாதம், சனிக்கிழமை மத்தியானம்,
சாவியைத் திருப்பினேன்.
கார்புரேட்டர் வாயால் வெடித்தது.
தெருநாய் ராயக்கோட்டை ரோடு வரைக்கும் ஓடியிருக்கும்.
எதிர்வீட்டு லூர்துமேரி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.
மறுபடி திருப்பினேன். மறுபடி வெடி.
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு:
வயர்களை வாய்விட்டு எண்ணினேன். சரிதான்.
பிறகு அழுகை மாதிரி ஒன்று வந்தது,
பெட்ரோல் வாடையாகவும் இருக்கலாம்.

நைட் ஷிப்டு முடித்துத் தூங்கியவர்
லுங்கியை இறுக்கிக்கொண்டே வந்து நின்றார்.
தொடவில்லை. குனியக்கூட இல்லை.
'டிஸ்ட்ரிபியூட்டர் அரைச்சுத்து மாறி உட்கார்ந்திருக்கு'
என்று சொல்லிவிட்டுத்
திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.
எட்டு மாதத்தில்
இந்த வண்டியைப் பற்றி அவர் பேசிய முதல் வாக்கியம்.

அரைச்சுற்றுத் திருப்பி வைத்தேன்.
பிடித்தது.
நீலப் புகை கொடிக்கயிற்றுத் துணியெல்லாம் ஏறியது.
சீட் இல்லாத வண்டிக்குள்
பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தேன்,
தொடை வரைக்கும் அதிர்ந்தது.
மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன்.

அறைக்குள்ளிருந்து குரல்:
'மூணாவதுல டேப்பட் தட்டுது.'
'தெரியும்.'
'ஆறட்டும்.'
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.
'அந்தத் தகட்டை எங்க வெச்சிருக்க?'